ஆங்கில உச்சரிப்புப் பயிற்சி வகுப்பு: பன்னிரண்டு வார அனுபவம்

சென்னையில் ஓர் ஆங்கில உச்சரிப்புப் பயிற்சி வகுப்பைச் சென்ற மாதம் முடித்தேன். சனி, ஞாயிறுகளில் தலா இரண்டு மணி நேரமாகப் பன்னிரண்டு வாரங்கள் நடந்த வகுப்பு அது. கட்டணம் 16,000 ரூபாய். என் குறைகளை நடத்துபவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இப்படி ஒரு வகுப்பில் சேர நினைப்பவர்கள் எதைக் கேட்டறிந்து பணம் கட்ட வேண்டும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஒன்பது ஆண்டுகளாக நான் சரக்குப் போக்குவரத்து நிறுவனமொன்றில் இரவுப் பணியில் இங்கிலாந்து வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசி வருகிறேன். இலக்கணத்தில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. ஆனால் சரக்கின் குறியீட்டை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது நான் சொன்ன ஒரு ‘பி’யை அவர்கள் இன்னொரு ‘பி’யாக எழுதிக்கொள்வார்கள், ஒரு முறை அதனால் ஒரு பெட்டி தவறான கிடங்குக்கே போய்விட்டது. ஆண்டு மதிப்பீட்டில் என் பெயருக்கு எதிரே ‘எம்.டி.ஐ. அதிகம்’ என்று எழுதினார்கள். தாய்மொழித் தாக்கம் என்பதற்கு இந்தத் துறையில் வழங்கும் சுருக்கப் பெயர் அது.

முதல் ஆறு வாரங்களை நடத்தியவர் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. முதல் நாளே ஆளுக்கொரு மெல்லிய காகிதத் துண்டைக் கொடுத்து, உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ‘பென்’ என்று சொல்லச் சொன்னார். அவர் சொன்னபோது காகிதம் படபடத்தது. எங்கள் காகிதங்கள் அசையவே இல்லை. ‘பல்’ என்னும் சொல்லின் பகரத்தை நாம் மூச்சைத் தள்ளாமல் ஒலிக்கிறோம், ஆங்கிலேயரின் காதோ அந்த இடத்தில் ஒரு சிறு காற்று வீச்சை எதிர்பார்க்கிறது, அது இல்லாவிட்டால் நம் ஒலி அவர்களுக்கு ‘அன்பு’ என்பதில் வரும் பகரமாகக் கேட்கிறது என்று அவர் விளக்கியபோது, ஒன்பது ஆண்டுகளாக நடந்த தவறு எங்கே நடந்தது என்று எனக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்தது. ‘ஸ்பின்’ என்று சொல்லும்போது அதே காகிதம் அசையக் கூடாது என்பதையும் அவர் விடாமல் சரிபார்த்தார்.

அவரிடம் நான் மிகவும் மதித்தது, தமிழை விலக்காமல் தமிழின் வழியாகவே ஆங்கில ஒலிக்கு அழைத்துச் சென்ற முறை. மேற்குத் திசையைக் குறிக்கும் ‘வெஸ்ட்’, உள்சட்டையைக் குறிக்கும் ‘வெஸ்ட்’ ஆகிய இரண்டையும் நாம் ஒன்றுபோலவே எழுதுகிறோம், ஒன்றுபோலவே சொல்கிறோம். முதலாவதற்கு உதடு குவிய வேண்டும். இரண்டாவதற்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். பல்லும் இதழும் இயைய வகரம் பிறக்கும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்வதை எடுத்துக்காட்டி, இரண்டாவது ஒலி உங்களுக்கு அந்நியமானதன்று, அன்றாடப் பேச்சில் பல்லை அழுத்தாமல் விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான் என்றார். ‘திஸ்’, ‘தட்’ என்னும் சொற்களின் முதலொலிக்கு நாங்கள் திணறியபோது, ‘அது’ என்று மெதுவாகச் சொல்லி நடுவில் வரும் தகரத்தைக் கவனிக்கச் செய்தார். இரண்டு உயிர்களுக்கு இடையே நாம் இயல்பாக ஒலிக்கும் அந்த மென்மையான தகரத்தைச் சொல்லின் முதலுக்குக் கொண்டுவந்தால் போதும். பக்கத்தில் இருந்த கும்பகோணத்துப் பெண் ஒருவர் அன்றே அதைப் பிடித்துக்கொண்டார். எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

அசையழுத்தம்தான் இந்தப் பயிற்சியின் உயிர் என்பேன். ஒலிகள் சற்றுப் பிசகினாலும் கேட்பவர் ஊகித்துக்கொள்வார். அழுத்தம் இடம் மாறினால் சொல்லே அடையாளம் தெரியாமல் போகிறது. ‘ஹோட்டல்’, ‘டெவலப்’ இரண்டையும் நாம் முதலசையில் அழுத்துகிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுகிறது. ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதலசை, ‘ஃபோட்டோகிராஃபர்’ என்பதில் இரண்டாவது, ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்பதில் மூன்றாவது என்று ஒரே சொல்லின் குடும்பத்துக்குள்ளேயே அழுத்தம் நகர்கிறது. இரு கைகளிலும் ஒரு ரப்பர் வளையத்தைப் பிடித்து, அழுத்தம் விழும் அசையில் மட்டும் இழுத்துச் சொல்லிப் பழகினோம். அழுத்தம் பெறாத உயிர்கள் சுருங்கி மங்க வேண்டும் என்ற இடத்தில் எல்லோரும் சிக்கிக்கொண்டபோது, கரும்பலகையில் ‘காது’, ‘பாட்டு’ என்று எழுதி, குற்றியலுகரம் அரை மாத்திரையாகக் குறைவதை நினைவூட்டினார். உகரத்தைக் குறுக்கத் தெரிந்த நாக்குக்கு ‘பனானா’வின் முதல் உயிரையும் கடைசி உயிரையும் குறுக்குவது முடியாத காரியமன்று. இவ்வளவு தெளிவான விளக்கத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

வீட்டுப் பயிற்சிக்கு அவர் ஓர் உச்சரிப்பு அகராதியைப் பயன்படுத்தச் சொன்னார். பிரித்தானிய ஒலியியல் அறிஞர் டேனியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட அகராதியின் வழிவந்தது அது. அதன் 18ஆம் பதிப்பு 2011இல் வந்தது. அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் மேலே இடும் சிறு செங்குத்துக் கோட்டை மட்டும் பார்க்கக் கற்றுக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்த ஆறு வாரங்கள் எனக்கு ஏமாற்றமாக அமைந்தன. வகுப்புக்கு எட்டுப் பேர் என்று சொல்லிச் சேர்த்துவிட்டுப் பதினேழு பேரை அமர்த்தினார்கள். வேறொரு பயிற்சியாளர் வந்து, பதிவுசெய்த அமெரிக்கக் காணொளிகளை ஓடவிட்டு, கூடவே சொல்லச் சொன்னார். கேட்டதை உடனுக்குடன் நிழல்போல் தொடர்ந்து சொல்வது நல்ல பயிற்சிதான். ஆனால் பதினேழு குரல்களில் யாருடைய தவறு எது என்று யாரும் கேட்டுச் சொல்லாவிட்டால் தவறே மேலும் உறுதிப்படும். முதற்பாதியில் பிரித்தானிய முறையில் பழகிய சொற்களை இரண்டாம் பாதியில் அமெரிக்க முறைக்கு மாற்றச் சொன்னது குழப்பத்தைக் கூட்டியது. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘தமிழை மறந்தால்தான் ஆங்கிலம் வரும்’ என்று அவர் ஒவ்வொரு வாரமும் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. தாய்மொழி ஒரு நோயன்று. முதல் ஆறு வாரங்களில் என் ஆங்கிலம் திருந்தியதே தமிழ் ஒலிகளை நான் கூர்ந்து கவனிக்கத் தொடங்கியதால்தான்.

பயன் இருந்ததா என்றால், நிச்சயமாக இருந்தது. இப்போது குறியீடுகளை ஒரே முறை சொன்னால் போதும். போன வாரம் லீட்ஸ் நகரத்து வாடிக்கையாளர் ஒருவரோடு இருபது நிமிடம் பேசியதில் ஒரு சொல்லைக்கூட அவர் திருப்பிக் கேட்கவில்லை. என் பேச்சைக் கேட்கும் எவரும் நான் தமிழன் என்பதை இன்றும் அறிந்துகொள்வார்கள். அதை மாற்ற நான் விரும்பவில்லை. முப்பது நாளில் அமெரிக்கரைப் போலப் பேசலாம் என்ற விளம்பரத்தை நம்பிச் சேர்பவர்களுக்கு இந்த வகுப்பு நிறைவு தராது.

சேருமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: வகுப்பில் உண்மையாகவே எத்தனை பேர், நாம் பதிவுசெய்து அனுப்பும் குரலை வாரந்தோறும் யார் கேட்டுத் திருத்துவார். அந்த ஆசிரியையின் முதற்பாதியை மட்டும் தனியாக நடத்தினால் அதற்கு எட்டாயிரம் ரூபாய் தாராளமாகக் கொடுக்கலாம். விலையைக் குறிக்கும் ‘பிரைஸ்’, பரிசைக் குறிக்கும் ‘பிரைஸ்’ ஆகியவற்றின் ஈற்றொலிகள் எனக்கு இன்னும் சரியாகப் பிரியவில்லை. அதற்காகவே அடுத்த சுற்றில் அவரிடம் மறுபடியும் சேரப் பெயர் கொடுத்திருக்கிறேன்.