எஸ்டி006: இந்தோனேசியாவின் பசுமை சேமிப்பு சுகூக், ஒரு பார்வை

2019 நவம்பரில் இந்தோனேசிய நிதியமைச்சகம் பொதுமக்களுக்கு விற்ற முதல் பசுமை சுகூக் (சுற்றுச்சூழல் திட்டங்களுக்கான, வட்டியில்லா இஸ்லாமிய முறைப் பத்திரம்) இது. 2021 நவம்பரில் முதிர்ந்துவிட்டது. குறைந்தபட்ச முதலீடு 10 லட்சம் ரூபியா, முதிர்வுக் காலம் 2 ஆண்டு. வகாலா ஒப்பந்தம் (முதலீட்டாளர் சார்பில் ஒரு முகவர் பணத்தை முதலீடு செய்யும் முறை), அரசுச் சொத்துகளும் பட்ஜெட் திட்டங்களும் அடிப்படை. அதனால் கைக்கு வந்தது வட்டியல்ல, லாபப் பங்கு. இது மாதாமாதம் 10-ஆம் தேதி கணக்கில் விழுந்தது. ஆண்டுக்கு 6.75% கீழ்வரம்பு. மத்திய வங்கி விகிதம் ஏறினால் கூடும், இறங்கினாலும் இதற்குக் கீழே போகாது என்பது விதி. இதன் பெரிய பலமே அதுதான்.

வாங்குவது எளிதாக இருந்தது: வங்கிச் செயலியில் முதலீட்டாளர் எண் பதிவு, ஆர்டர், பிறகு பணம் கட்டுவதற்கான பில்லிங் குறியீடு. அந்தக் குறியீட்டுக்கு 3 மணி நேரம்தான் ஆயுள் இருந்தது. அதற்குள் பணம் போகாவிட்டால் ஆர்டர் ரத்து, மறுபடி முதலிலிருந்து.

முதிர்வுக்கு முன் சந்தையில் விற்க முடியவில்லை. ஓராண்டு கழித்துப் பணத்தை முன்கூட்டியே எடுக்க ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் 20 லட்சம் ரூபியாவாவது வைத்திருந்தவர் பாதி வரைதான் எடுக்க முடிந்தது. அவசரச் செலவுப் பணத்தை இதுபோன்ற பத்திரத்தில் முடக்காதீர்கள்.

'பசுமை' முத்திரையை அப்படியே நம்பவும் வேண்டாம். அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில், புதுத் திட்டத்துக்குப் போனது எவ்வளவு, ஏற்கெனவே செலவழித்ததை ஈடுகட்டியது எவ்வளவு என்று பாருங்கள்.