சந்தா கட்டிச் செய்தி வாசிப்பது: சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அனுபவம்

பல ஆண்டுகளாக மலேசியாகினி என்ற இணையச் செய்தித் தளத்துக்குச் சந்தா கட்டி வருகிறேன். ஆண்டுக்கு 200 வெள்ளி (ரிங்கிட்) அளவில் ஆகும். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலிருந்து தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. செய்திக்காக இவ்வளவு பணமா என்று வீட்டில் கேட்காதவர் இல்லை. "எல்லாம்தான் வாட்ஸ்அப்புல வந்துருதேம்மா" என்பார் மாமா. வருகிறதுதான். ஆனால் யார் எழுதினார், யாரைக் கேட்டு எழுதினார் என்பது அதில் இருக்காது. அதற்குத்தான் நான் பணம் கொடுக்கிறேன்.

ஸ்டீவன் கானும் பிரமேஷ் சந்திரனும் 1999 நவம்பரில் தொடங்கிய தளம் இது. அச்சு நாளிதழ் என்றால் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். அந்நாளில் அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். இணையத்துக்கு அந்தக் கட்டு இல்லை. விளம்பரத்தை மட்டும் நம்பினால் அரசைப் பகைக்க அஞ்சும் நிறுவனங்களை நம்ப வேண்டும். 2002இல் வாசகரிடமே சந்தா கேட்டார்கள். அப்போது அது பெரிய துணிச்சல்.

பயன்பாட்டில் எனக்கு நிறைவு தந்தது நீதிமன்றச் செய்தியும் நாடாளுமன்றச் செய்தியும். ஒரு வழக்கு மாதக்கணக்கில் இழுத்தாலும் விடாமல் தொடர்கிறார்கள். பழைய செய்தியைத் தேடி எடுத்து ஒப்பிடவும் முடிகிறது. ஆண்டுக் கட்டணமே வசதி. மாதக் கட்டணத்தில், வேறொரு தளத்தில், வங்கி அட்டை மாறியதும் கணக்கு நின்றுபோய், அதை மீட்கவே பல மின்னஞ்சல் எழுத வேண்டியிருந்தது.

குறை என்று ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். நான் கட்டும் சந்தா ஆங்கிலப் பிரிவுக்கு. மலாய்ப் பிரிவு இலவசம். தமிழ் மட்டுமே வாசிக்கும் என் அம்மாவுக்கு நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். தோட்டம் கைமாறும்போது பழைய தொழிலாளர் வீட்டுக்கு என்ன ஆகிறது, தோட்டத்துக் கோயில் நிலம் யார் பெயரில் இருக்கிறது, பிள்ளைகள் குறைந்துகொண்டே வரும் தமிழ்ப்பள்ளி என்ன செய்யும், இவைதான் அம்மா கேட்கும் செய்திகள். தகராறு முற்றி, போலீசோ மக்கள் பிரதிநிதியோ வந்த பிறகுதான் இவை தலைநகரச் செய்தியாகின்றன. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019 தொடக்கத்தில் நின்றபோது இந்த வெற்றிடம் இன்னும் பெரிதானது.

2021 பிப்ரவரி 19ஐ மறக்க முடியாது. வாசகர்கள் எழுதிய 5 கருத்துகளுக்காக மலேசியாகினி நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுத் தரப்பு கேட்டது 2 லட்சம் வெள்ளி. விதித்த அபராதம் 5 லட்சம். மக்கள் அந்தத் தொகையைச் சில மணி நேரத்திலேயே திரட்டிக் கொடுத்துவிட்டார்கள். நானும் கொடுத்தேன். அன்று முழுக்க நெஞ்சு நிறைந்திருந்தது.

ஆனால் அன்று உணர்ச்சியோடு கொடுத்த என் நண்பர்களில் பலர் இன்றுவரை சந்தாதாரர் ஆகவில்லை. ஆபத்து என்றால் ஓடிவருகிறோம். ஒரு நிருபரின் மாதச் சம்பளம் என்றால் யோசிக்கிறோம். அபராதம் ஒருமுறை வரும். சம்பளம், பெட்ரோல், வழக்கறிஞர் செலவு எல்லாம் மாதந்தோறும் வரும். உள்ளூர்ச் செய்திகளைத் தமிழில் தந்த ஒரு சிறு தளத்துக்கும் சில காலம் மாதம் 10 வெள்ளி கொடுத்தேன். நன்றாகவே எழுதினார்கள். திருவிழாக் காலத்தில் நன்கொடை குவியும், மற்ற மாதங்களில் வறளும். கடைசியில் நின்றுபோனது. எழுத்து சரியில்லாமல் நின்றிருந்தால் இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

நம்மால் முடியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், இதே சுங்கை சிப்புட்காரரும் அன்றைய அமைச்சருமான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். தாங்கள் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது.

மலேசியாகினி சந்தாவை இந்த ஆண்டும் புதுப்பித்திருக்கிறேன். ஆங்கிலம் வாசிப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கோலகங்சார், சுங்கை சிப்புட் வட்டாரத்துக்கென்று தமிழில் யாராவது மறுபடி தொடங்கினால் மாதம் 20 வெள்ளி கொடுக்கத் தயார். நிருபரின் பெயர் செய்தியில் இருக்க வேண்டும். வரவுசெலவுக் கணக்கை ஆண்டுக்கொருமுறை உறுப்பினர்களுக்குக் காட்ட வேண்டும். பணம் கட்ட முடியாத பக்கத்து வீட்டுப் பாட்டியும் வாசிக்கும்படி செய்தி திறந்தே இருக்க வேண்டும்.