கச்சான் காற்றில் கறுக்கத் தயங்கும் கண்ணாடி

வெயிலில் தானாகக் கறுத்து நிழலில் தானாகத் தெளியும் மூக்குக்கண்ணாடி ஒன்றைக் கல்முனையில் வாங்கி, ஒரு சிறுபோகமும் ஒரு பெரும்போகமும் அணிந்து பார்த்தாயிற்று. அக்கரைப்பற்றுப் பக்கத்து வயல்களில் விவசாயப் போதனாசிரியராக இருக்கிறேன். வரம்பில் வெயில், வாடிக்குள் நிழல் என்று நாள் முழுக்க மாறி மாறித்தான் போகும். கொடுத்த பணத்துக்கு மோசமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கடையில் காட்டியது வேறு, வயலில் கண்டது வேறு.

கடையில் இருந்த தம்பி கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கு ஒன்றை எடுத்தார். நட்சத்திர வடிவில் துளை வெட்டிய அட்டையை வில்லையின் மேல் வைத்து ஒளியைப் பாய்ச்சினார். அட்டையை எடுத்ததும் வில்லையில் கரிய நட்சத்திரம் ஒன்று, விளிம்பு கூடக் கலையாமல் இருந்தது. பிறகு மெல்ல வெளிறத் தொடங்கியது. “இப்படித்தான் மிஸ், வெயில் கூடக் கூடக் கறுப்பும் கூடும்” என்றார். அந்தக் கடையில் குளிரூட்டி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்தவள் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. இப்போதைய பிளாஸ்டிக் வில்லைகளில் பெரும்பாலும் நப்தோபைரன் வகைச் சாயங்கள் கலந்திருக்கும். ஊதாக்கடந்த கதிர் பட்டதும் அந்த மூலக்கூறில் ஒரு காபன் - ஒட்சிசன் பிணைப்பு அறுந்து வளையம் திறக்கிறது. திறந்த மூலக்கூறு புரண்டு தட்டையாகிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சுகிறது, வில்லை கறுக்கிறது. அதைத் திரும்ப மூடுவது முக்கியமாக வெப்பம். ஒளி திறக்க, வெப்பம் மூட, இரண்டும் இழுபறிப்படுகின்றன. ஆடி மாதம் கச்சான் என்னும் வெக்கைக் காற்று வீசும் நடுப்பகலில், நெற்சூடு அடிக்கும் களத்தில் நின்றால் வெப்பத்தின் கையே ஓங்குகிறது. கண் கூசும் அந்த நேரத்தில் என் வில்லை வெறும் தேநீர் நிறத்தோடு நின்றுவிடுகிறது. மார்கழியில் வாடைக்காற்று வீசும் மப்புக் காலையிலோ, முகிலையும் ஊடுருவி வருகிற கதிருக்கே நன்றாகக் கறுத்துவிடுகிறது. அப்படியே கமநல சேவை நிலையத்துக்குள் நுழைந்தால் குளிரில் தெளியவும் நேரம் எடுக்கிறது. உரமானியப் படிவத்தை நீட்டியபடி காத்திருக்கிற வட்டவிதானையின் (வயல் நீர்ப்பாசனத்தைப் பார்ப்பவர்) முன்னால், எழுத்துத் தெரியாமல் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்று, சாயம் எதில் அமர்ந்திருக்கிறது என்பது. இந்தச் சாயங்களைப் பளிங்காக்கினால், அதாவது மூலக்கூறுகள் ஒழுங்காக நெருங்கி அடுக்கிய திண்மமாக்கினால், பெரும்பாலும் எவ்வளவு ஒளி அடித்தாலும் அசையாது. நெருக்கமான பஸ்ஸுக்குள் குடை விரிக்கிற கதை. மூலக்கூறு புரள இடம் வேண்டும். அதனால்தான் சற்று நெகிழ்வான பிளாஸ்டிக்கில் சாயத்தைக் கலக்கிறார்கள். பொலிகாபனேற்றுப் போன்ற இறுகிய வில்லையில் அது சரிவராது என்பதால் மேற்பரப்பில் தனிப் படலமாகப் பூசுகிறார்கள். கடையில் இரண்டு விலை சொன்னதன் காரணம் இதுதான். விற்றவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

பளிங்கு எப்போதும் எதிரி என்றும் சொல்ல முடியாது. சலிசிலல்டிகைட்டு, அனிலீன் என்ற இரு சேர்மங்களையும் சேர்த்தால் வருகிற மஞ்சள் பளிங்கை 1960களில் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் கோஹனும் ஷ்மிட்டும் ஆராய்ந்தார்கள். மூலக்கூறுகள் தட்டையாக நெருங்கி அடுக்கப்பட்ட பளிங்கு வெப்பநிலைக்குத்தான் நிறம் மாறியது. முறுகி, இடம் விட்டு அடுக்கப்பட்டது ஒளி பட்டதும் சிவந்தது. சேர்மம் ஒன்றே, அடுக்குத்தான் வேறு. ஜப்பானிய இரசாயனவியலாளர் இரியே ஆராய்ந்த டையரைல்எத்தீன்கள் என்ற சேர்மங்கள் பளிங்குக்குள்ளேயே தாராளமாக மாறுகின்றன. பிணையவேண்டிய இரு காபன்களுக்கும் இடையே ஏறத்தாழ 0.42 நனோமீற்றருக்குள் தூரம் இருந்தால் போதும். மூலக்கூறின் வடிவம் அதிகம் மாறுவதில்லை. ஆனால் அந்த நிறம் வெப்பத்தால் போகாது, ஒளிதான் அழிக்க வேண்டும். கண்ணாடியில் போட்டால் இருட்டறையில் குருடுதான்.

தம்பிலுவிலில் அப்பாவின் பழைய கண்ணாடி இன்னமும் இருக்கிறது. அது அசல் கண்ணாடி. 1960களில் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனம் கொண்டுவந்த வகை. உள்ளே நனோமீற்றர் அளவிலான வெள்ளி ஏலைட்டுப் (வெள்ளியும் குளோரீன் போன்றதும் சேர்ந்த) பளிங்குகள், கூடவே சிறிது செப்பு. ஒளி பட்டால் வெள்ளி அணுக்கள் திரண்டு கறுக்கும். கண்ணாடிக்குள் அடைபட்டிருப்பதால் எதுவும் தப்பி ஓடாது; நிழலில் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். வெக்கைக்கு அதுவும் சற்றுத் தளர்கிறது. மூக்கில் தழும்பு போடும் அளவுக்குப் பாரம். ஆனாலும் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் கறுக்கிறது. பிளாஸ்டிக்கில் சாயம் மெல்ல மெல்லச் சோர்ந்துவிடும். என்னுடையது எத்தனை போகம் தாங்கும் என்று பார்க்க வேண்டும்.

கடையில் சொல்லாத இன்னொரு விஷயம்: ஸ்கூட்டரில் போகும்போது தலைக்கவசத்தின் முகமறைப்பை இறக்கினால் வில்லை கறுப்பதில்லை. வாகனத்தின் முன் கண்ணாடிக்குப் பின்னாலும் அப்படியே. இரண்டும் ஊதாக்கடந்த கதிரைத் தடுத்துவிடுகின்றன. வாகனத்திலும் கறுக்கும் என்று யாராவது சொன்னால், வில்லையின் வகையை எழுதித் தரச் சொல்லுங்கள். சிறிதளவு கறுக்கும் தனி வகைகள் உண்டு, விலை அதிகம்.

அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் இடையே போய்வருகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். வயலிலும் கடலிலும் நிற்கிறவர்கள் இதோடு ஒரு சாதாரணக் கறுப்புக் கண்ணாடியையும், விளிம்பு அகன்ற தொப்பியையும் வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதித்துக் காட்டச் சொல்வதானால் குளிரூட்டி அறையில் வேண்டாம். நண்பகலில் கடை வாசலுக்கு எடுத்துவந்து, வில்லை சூடேறும்வரை பிடித்துப் பாருங்கள்.