பழைய ஆட்டோ-5க்குப் புது வளையம்

1900இல் ஜான் பிரவுனிங் காப்புரிமை பெற்ற வடிவமைப்பு என் கையில் திணறியது. ஆட்டோ-5 என்ற அந்தத் தானியங்கி வேட்டைத் துப்பாக்கி (12 கேஜ் குழல்), 36 கிராம் குண்டுள்ள கனத் தோட்டாவை மளமளவென்று சுடும். லேசான 28 கிராம் போட்டால் சுட்ட தோட்டாவின் வெற்றுறை வெளியே விழாமல் வாயிலேயே மாட்டிக்கொள்ளும். துப்பாக்கி மேல் தப்பில்லை. முன்பு வைத்திருந்தவர் உள்ளே இருக்கும் உராய்வு வளையத்தைக் கனத் தோட்டாவுக்கான இடத்திலேயே விட்டுவிட்டார்.

இதில் சுட்டதும் குழலே பின்னால் ஓடிவரும். அந்த ஓட்டத்துக்குப் பிரேக், வெண்கலத் துண்டும் எஃகு வளையமும்தான். கனத் தோட்டா என்றால் வளையம் ஸ்பிரிங்குக்கும் வெண்கலத்துக்கும் நடுவே, சரிந்த பக்கம் வெண்கலத்தைப் பார்த்தபடி. லேசானதென்றால் ஸ்பிரிங்குக்குப் பின்னால் போய்விடும்.

வாங்கிய செட்டில் வெண்கலத் துண்டு, வளையம் இரண்டோடு புது ஸ்பிரிங்கும் இருந்தது. வேலைப்பாடு அருமை. மாற்றி, தோட்டாக்கள் அடுக்கும் மேகசின் குழாயில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி 50 லேசான தோட்டா சுட்டேன். முதல் பத்தில் இரண்டு மாட்டின, அப்புறம் ஒன்றுகூட இல்லை.

எரிச்சல் ஒன்றுதான்: விளக்கத் தாளே வைக்கவில்லை. வளையத்தை லேசான நிலையில் மறந்துவிட்டுக் கனத் தோட்டா சுட்டால் முன்கட்டை (குழலுக்கடியில் பிடிக்கும் மரம்) விரிசல் விடும். இதையாவது எழுதி வைத்திருக்கக் கூடாதா?