பழைய எம்ஜிபி ரோட்ஸ்டரை விற்க: ஏலமா, டீலரா, நாமே நேரடியாகவா?

நான் நேரடியாகத்தான் விற்றேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். குரோம் பம்பர், கம்பி வீல், இங்கிலாந்துப் பதிவு, அடித்தகரம் முதல் ஹூட் (மேலே மடக்கி விரிக்கும் துணிக் கூரை) வரை புதுப்பித்தது. அங்கே இப்படி ஒரு காரை வைத்துக்கொண்டு விற்க யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். மற்ற திறந்த கார்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், எம்ஜிபி அரிதான கார் கிடையாது. 1962 முதல் 1980 வரை ரோட்ஸ்டர், கூரையோடு வந்த ஜிடி எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளியிருக்கிறார்கள். எந்த வாரம் விளம்பரங்களைப் பார்த்தாலும் உங்கள் காருக்குப் பக்கத்தில் அதே வருடத்து இன்னொன்று, இரண்டாயிரம் மூவாயிரம் பவுண்டு குறைவாக, அதே பளபளப்போடு நிற்கும். அப்படியிருக்க வாங்க வருபவர் உங்களுக்கு ஏன் கூடக் கொடுக்க வேண்டும்? அந்தக் காரணத்தை எந்த வழியில் விற்றால் அவர் கண்ணில் காட்ட முடியும் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வியாகப் பட்டது.

வசந்தத்தில் விற்க வேண்டும், கழுவித் துடைத்து வெயிலில் படம் எடுக்க வேண்டும், இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நவம்பர் மழையில் கூரையில்லாத காரைத் தேடி வருபவர் பேரம் பேசத்தான் வருவார்.

ஏலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பெரிய வசதி, ஒரே நாளில் கதை முடிந்துவிடும். வீட்டு வாசலுக்கு யாரும் வரமாட்டார்கள், ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவி கேட்கமாட்டார்கள். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏலச் சுத்தியல் 12,000 பவுண்டில் விழுகிறது, விற்பவர் கமிஷன் 5 சதவீதம், வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தனியாகக் கொடுக்கும் பிரீமியம் 12 சதவீதம், இரண்டுக்கும் மேல் 20 சதவீத வாட் வரி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கைக்கு 11,280 வரும். வாங்கியவர் கொடுத்தது 13,728. நடுவில் 2,448 பவுண்டு போய்விட்டது, காரை ஏலத்தில் சேர்க்கும் நுழைவுக் கட்டணம் தனி. பிரீமியத்தை வாங்குபவர்தானே கொடுக்கிறார் என்று சமாதானம் சொல்வார்கள். அவர் அதையும் மனதில் கழித்துக்கொண்டுதான் கையைத் தூக்குகிறார். குறைந்தபட்ச விலை வைத்து, அதைத் தொடவில்லை என்றால் காரை ட்ரெய்லரில் ஏற்றித் திரும்பக் கொண்டுவரும் செலவும் உங்கள் தலையில்தான்.

இணைய ஏலம் கொஞ்சம் வேறு மாதிரி. விற்பவருக்குச் செலவு குறைவு, நூறு படம் போடலாம், கீழே ஆட்கள் கேள்வி கேட்பார்கள், நாம் பதில் எழுதலாம். இதில் நான் வேடிக்கை பார்த்ததோடு சரி, விற்றதில்லை, அதனால் அழுத்திப் பேச மாட்டேன். கேள்விக்கு உடனுக்குடன் பதில் போட்ட கார்கள் நன்றாகப் போனது போலத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்து டீலர். உடனே காசு கொடுத்து வாங்கினால் அவர் லாபத்தைக் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விற்றுக்கொடுத்துக் கமிஷன் எடுப்பவர்களும் உண்டு, பத்து சதவீதம் என்பது சாதாரணமாகக் கேட்கிற பேச்சு. வியாபாரியாக விற்கும்போது 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் அவர் கழுத்தில் இருக்கிறது. முதல் 30 நாளில் பெரிய குறை தெரிந்தால் வாங்கியவர் காரைத் திருப்பிவிடலாம். அந்த பயத்துக்கும் சேர்த்துத்தான் அவர் விலை வைக்கிறார். நேரமே இல்லாதவர்களுக்கும், காரை நிறுத்த இடமில்லாதவர்களுக்கும் டீலர் நல்ல வழிதான். நான் இரண்டு பேரிடம் பேசிப் பார்த்தேன். இருவருமே பெயிண்டைப் பார்த்தார்கள், ஹூட்டை இழுத்துப் பார்த்தார்கள், புதுப்பித்த வேலையின் படங்களும் ரசீதுகளும் வைத்து நான் நீட்டிய ஃபைலைப் புரட்டாமலே திருப்பிக் கொடுத்தார்கள்.

நான் நேரடி விற்பனைக்குப் போனதே அந்த ஃபைலால்தான்.

எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது, பாடியேதான் எலும்புக்கூடு. ரோட்ஸ்டரில் மேலே கூரையும் இல்லை, ஆக காரின் வலு பெரும்பாலும் கதவுக்குக் கீழே ஓடும் சில்லில் இருக்கிறது. வெளித்தகரம், உள்தகரம், நடுவில் நிற்கும் ஒரு தகரம், அடியில் காஸில் ரெயில் என்று பல துண்டு சேர்ந்ததுதான் ஒரு சில். துரு உள்ளேயிருந்து வரும். ஒழுங்காகச் செய்பவர் கதவுத் திறப்பின் குறுக்கே கம்பி வைத்துப் பற்றவைத்து பாடி வளையாமல் பிடித்துக்கொண்டு, முன் விங்கை (சக்கரத்துக்கு மேல் வரும் பக்கத் தகரம்) கழற்றி, பின் விங்கின் அடியை வெட்டி, சில்லை இரண்டு முனைவரை முழுதாக மாற்றுவார். அவசரக்காரர் கண்ணுக்குத் தெரிகிற நடுப்பகுதியில் புதுத் தகரத்தை மூடி ஒட்டி, பட்டி தடவி, பெயிண்ட் அடித்துவிடுவார். விங்குக்குப் பின்னால் பழைய துரு அப்படியே தின்றுகொண்டிருக்கும்.

வேலை முடிந்து பெயிண்ட் ஏறிய பிறகு இந்த இரண்டு காரையும் பக்கத்தில் நிறுத்தினால் வெறும் கண்ணால் வித்தியாசம் சொல்வது கஷ்டம். செலவில் ஆயிரக்கணக்கான பவுண்டு வித்தியாசம். ஏல மேடையில் கார் நிற்பதே ஓரிரு நிமிடம், அங்கே யாருக்கு உங்கள் வெல்டிங் படங்களைக் காட்டுவீர்கள்? முன்னாலேயே வந்து பார்க்க நேரம் கொடுக்கிறார்கள்தான், ஆனால் அங்கே வருபவர் ஒரே நாளில் பத்து காரைக் குனிந்து பார்த்துவிட்டுப் போகிறவர்.

நேரடி விற்பனையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து காட்டலாம். துருவோடு இருந்த படம், வெட்டியெடுத்த படம், குறுக்குக் கம்பியோடு நின்ற படம், புதுச் சில் ஏறியது, உள்ளே மெழுகு அடித்தது, ஒவ்வொன்றுக்கும் ரசீது. படத்தில் பதிவு எண்ணோ, சேஸிஸ் எண் தகடோ எங்காவது தெரிவது நல்லது. இல்லையென்றால் இது வேறு யாருடைய காரோ என்று சந்தேகப்படுவார்கள், அதுவும் நியாயம்தான். அப்புறம் வாங்க வந்தவரை வெளியே கூட்டிப்போய் சில்லின் நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, அந்த நிலையிலேயே கதவைத் திறந்து மூடச் சொன்னேன். கதவு இடிக்கவில்லை, இடைவெளி மாறவில்லை. அதற்குப் பிறகு அவர் விலையைப் பற்றிப் பேசிய தொனியே மாறிவிட்டது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஏலத்தில் அவர் மொத்தமாகக் கொடுத்திருக்கக்கூடியதைவிடக் கொஞ்சம் குறைவாகவும், எனக்குக் கிடைத்திருக்கக்கூடியதைவிட நன்றாகவே கூடுதலாகவும் முடிந்தது என்பது என் கணிப்பு. கணிப்புதான், ஒரே காரை இரண்டு முறை விற்றுப் பார்க்க முடியாதே.

உங்களிடம் அந்த ஃபைல் இல்லையா? யாரோ புதுப்பித்ததை வாங்கி ஓட்டிவிட்டு விற்கிறீர்களா? அப்போது என் வாதம் பாதி செத்துவிடும், ஏலமே பரவாயில்லை என்றுகூடச் சொல்வேன்.

நேரடியில் தொல்லை இல்லாமல் இல்லை. நேரில் பார்க்காமலே முழு விலைக்கு வாங்கிக்கொள்கிறேன், ஷிப்பிங் ஏஜென்ட் வந்து எடுப்பார் என்று எழுதுபவர்கள் நிச்சயம் வருவார்கள், பதில் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்க வருகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு டீ கொடுத்து அனுப்ப வேண்டியதுதான்.

சட்டப்படி தனியார் விற்பவருக்கு டீலர் அளவுக்குச் சுமை கிடையாது, ஆனால் விளம்பரத்தில் சொன்னபடி கார் இருக்க வேண்டும். என் காரின் ஹெரிடேஜ் சான்றிதழில் (தொழிற்சாலைப் பதிவேட்டை வைத்துக் கொடுப்பது) நிறம் ஹார்வெஸ்ட் கோல்ட் என்று இருக்கும், கார் பச்சையில் நிற்கும். அதை விளம்பரத்தின் மூன்றாவது வரியிலேயே எழுதினேன். பின் அச்சில் இருந்த லேசான எண்ணெய்க் கசிவையும் எழுதினேன். 40 வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத காருக்கு எம்ஓடி என்கிற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை, ஆனாலும் விற்பதற்கு முன் ஒன்று எடுத்துவிடுங்கள். ஓட்டத் தகுதியில்லாத காரைச் சாலையில் ஓட்ட விற்பது தனியாருக்கும் குற்றம்தான், அந்தத் தாள் உங்களுக்கும் ஒரு பாதுகாப்பு. ஓட்டிப் பார்க்க வருபவரிடம் இன்சூரன்ஸ் காட்டச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

பணம் வங்கி வழியாக மட்டும். அனுப்பிவிட்டேன் என்று அவர் போனில் காட்டுவதை நம்பாமல், உங்கள் கணக்கை நீங்களே திறந்து பார்த்த பிறகு சாவி. வி5சி பதிவுப் பத்திரத்தில் புது உரிமையாளருக்கான பச்சைத் துண்டை மட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு, வாகனப் பதிவைக் கவனிக்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவின் இணையதளத்தில் அவர் கண்ணெதிரிலேயே மாற்றிவிடலாம். பழைய காருக்குச் சாலை வரி பூஜ்யம்தான், ஆனால் அது புது உரிமையாளருக்கு மாறாது. அவர் தன் பெயரில் வரி போட்ட பிறகுதான் காரைத் தெருவில் இறக்க வேண்டும், அதைச் சொல்லி அனுப்புங்கள்.