ஜெயில் ரோட்டுக்குப் பின்னால் ஒரு தச்சுப் பட்டறை: நாற்காலி பழுதுபார்த்த அனுபவம்

டெல்லி ஜனக்புரியில் உள்ள எங்கள் வீட்டில் ஷீஷம் மரத்தாலான சாப்பாட்டு மேசை ஒன்றும் ஆறு நாற்காலிகளும் 18 ஆண்டுகளாக உழைத்து வருகின்றன. கோடையில் 'லூ' எனப்படும் அனல் காற்றில் காய்ந்து சுருங்கி, மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பி, மூட்டுகள் அனைத்தும் தளர்ந்துபோய், உட்கார்ந்தவர் சற்று அசைந்தாலே நாற்காலி முனகும் நிலைக்கு வந்துவிட்டது. சென்ற ஆண்டு வந்த தச்சர் ஒருவர் மூட்டுக்கு மூட்டு ஆணி அறைந்து, மேலே ஃபெவிகாலைப் பூசிவிட்டுப் போனார். மூன்றே மாதத்தில் ஆணி இறங்கிய இடங்களில் மரம் பிளந்தது. அதன் பிறகுதான் நண்பர் ஒருவர் சொல்லி, ஜெயில் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் இந்தப் பட்டறைக்குப் போனேன்.

பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கு வேலை செய்யும் நால்வரில் மூவர் திகார் சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள். அவர்களில் இருவருக்கு வாடகைக்கு அறை கொடுத்திருப்பவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் அறை இருக்காது என்று முதலாளி சொன்னார்.

வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கிருந்த மூத்த தச்சர் நாற்காலிகளை முழுவதுமாகக் கழற்றி, பழைய பசையை உளியால் சுரண்டி எடுத்து, ஆணி பிளந்த துளைகளில் புதுமரத் துண்டுகளைச் செருகி இழைத்து, மறுபடி பூட்டி, இறுக்கிக் கட்டி ஓர் இரவு முழுக்க அப்படியே வைத்திருந்தார். ஓர் இரும்பு ஆணிகூட அடிக்கவில்லை. எட்டு மாதங்கள் ஆகின்றன. இடையில் ஒரு கோடையும் கடந்துவிட்டது. எந்த நாற்காலியும் இன்னும் முனகவில்லை. ஆனால் பாலிஷ் சுமார்தான். கால்களின் உட்புறத்தில் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருக்கிறது; கைபடும் விளிம்புகளில்கூட உப்புத்தாள் போதுமான அளவு ஓடவில்லை. காரணத்தைக் கேட்டபோது அவர் மழுப்பாமல் பதில் சொன்னார். திகாரில் இரண்டாம் எண் சிறையின் தொழிற்கூடத்தில் அவர் ஆண்டுக்கணக்கில் செய்தவை பள்ளிக்கூட மேசைகள். பிள்ளைகள் ஏறிக் குதித்தாலும் அவை தாங்க வேண்டுமே தவிர, பளபளக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பயிற்சியின் பலமும் குறையும் இரண்டும் இப்போது என் சாப்பாட்டு அறையில் இருக்கின்றன.

அந்தத் தொழிற்கூடம் 1961-இல் தொடங்கப்பட்டது. தச்சு வேலையோடு நெசவு, தையல், ரொட்டி, பிஸ்கட், கடுகு எண்ணெய் எனப் பலவும் அங்கே நடக்கின்றன. 'டிஜேஸ்' என்ற பெயரில் விற்பனைக்கு வரும் பொருள்களை டெல்லிவாசிகள் பலர் பார்த்திருப்பார்கள். சிறையில் செய்யும் வேலைக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்றும், அதில் ஒரு பகுதியைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பளித்தது. நம் தச்சரின் உளிகளும் இழைப்புளியும் அந்தக் கூலியில் மிஞ்சிய பணத்தில் வாங்கியவை. அவற்றை வேறு யாரையும் அவர் தொட விடுவதில்லை. பீகார்க்காரரான அவர் என்னைக் கண்டதும் "வாங்க, உக்காருங்க" என்றபோது திகைத்துப் போனேன். திகாரின் காவல் பணியில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினர் நெடுங்காலமாக இருப்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவருக்குத் தெரிந்த மற்ற தமிழ்ச் சொற்கள் இவ்வளவு மரியாதையானவை அல்ல என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

உதவிக்கு இருக்கும் இளைஞரின் கதை வேறு. அவர் தண்டனை பெற்றவரல்லர். விசாரணைக் கைதியாக இரண்டு ஆண்டுகள் உள்ளே இருந்து ஜாமீனில் வந்தவர். கடுங்காவல் தண்டனை பெற்றவர்களுக்கே சிறையில் வேலை கட்டாயம் என்பதால், இவர் ஒரு தொழிலும் கற்காமல் வெளியே வந்திருக்கிறார். 2022-ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்பதை நினைத்தால், மூத்தவரைவிட இந்த இளைஞரைப் போன்றவர்களே மிகுதி என்று தெரிகிறது. மரத்தின் ரேகை பார்த்து இழைக்க அவர் கற்றுக்கொண்டது இந்தப் பட்டறைக்கு வந்த பிறகுதான்.

எனக்குச் சொன்ன நாளைவிட நான்கு நாள் தாமதமாக நாற்காலிகள் வந்ததற்கும் அவருடைய 'தாரீக்' தான் காரணம். நீதிமன்றத் தேதி விழுந்தால் அன்றைய கூலியும் போகிறது, வாடிக்கையாளரின் பொறுமையும் போகிறது. வேறு இடங்களில் இதனாலேயே இரண்டு முறை வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறார்கள். இங்கே முதலாளி சுவரில் தொங்கும் காலண்டரில் அந்தத் தேதிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு எனக்கு நாள் சொல்லியிருக்கலாம் என்பது என் புகார்.

நாற்காலிக்கு 650 ரூபாய், மேசைக்கு 1,200 ரூபாய், ஆக 5,100 ரூபாய். வேறிடத்தில் கேட்ட தொகையைவிடச் சற்றுக் குறைவு. இரக்கத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய நிலை எழவில்லை. முதல் முறை அவர்களை வீட்டுக்கு அழைக்க எனக்கு மனம் வரவில்லை. டெம்போ பிடித்துப் பொருள்களை அங்கே அனுப்பினேன். டெம்போ வாடகை 800 ரூபாயை என் தயக்கத்தின் விலை என்று கணக்கில் எழுதிக்கொள்கிறேன். குடியிருப்பு வாசலில் போலீஸ் சரிபார்ப்புச் சான்று இல்லாத தொழிலாளரை உள்ளே விடுவதில்லை என்ற விதி ஒருபுறம் இருந்தது உண்மை. ஆனால் உறுப்பினர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டால் விடுவார்கள் என்பதும் எனக்கு அப்போதே தெரியும்.

சென்ற வாரம் புத்தக அலமாரியின் தட்டுகள் வளைந்துவிட்டதால் மூத்தவரை வீட்டுக்கே வரவழைத்தேன். பதிவேட்டில் கையெழுத்தும் போட்டேன். தட்டுகளுக்கு அடியில் சட்டம் கொடுத்து ஒரே நாளில் நிமிர்த்திவிட்டார். பாலிஷை மட்டும் வேறு ஆளிடம் கொடுப்பதாகச் சொன்னதற்கு, அதுதான் நல்லது என்றார்.