ஹாஸ்டலா, காலேஜ் பஸ்ஸா, வெளியில் ரூமா? முதலாண்டு இன்ஜினியரிங் மாணவருக்கான கணக்கு

கலந்தாய்வில் சீட் உறுதியாகி அட்மிஷனுக்குப் போனால் ஹாஸ்டல் படிவமும் பஸ் படிவமும் சேர்ந்தே கைக்கு வரும். கேட்டுக்கு வெளியே பிஜி (பேயிங் கெஸ்ட், அதாவது தனியார் தங்கும் விடுதி) நோட்டீஸ் கொடுக்க ஆள் நிற்பார். மூன்றின் வருடச் செலவையும் எழுதிப் பார்த்து, குறைந்தது எதுவோ அதற்கு டிக் அடிப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அந்தக் கணக்கில் இரண்டு விஷயங்கள் விட்டுப்போகின்றன. கல்லூரி விட்டதிலிருந்து தூங்கப் போகும்வரை மாணவர் கையில் எவ்வளவு நேரம் மிஞ்சும்? ஒத்துவரவில்லை என்றால் நடுவில் மாற முடியுமா, மாறினால் எவ்வளவு பணம் போகும்?

நேரம்

சென்னைக் கல்லூரிகள் என்று பெயர், ஆனால் பல கல்லூரிகள் இருப்பது ஸ்ரீபெரும்புதூர், கேளம்பாக்கம், திருவள்ளூர் பக்கம். ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் பஸ் என்றால் நாளுக்கு மூன்று மணி. செமஸ்டருக்கு 80 வேலை நாள் என்று வைத்தாலும் 240 மணி நேரம் ரோட்டில் கழிகிறது. பஸ்ஸில் படித்துக்கொள்ளலாம் என்பது அட்மிஷன் சமயத்துப் பேச்சு. காலையில் அரைத் தூக்கம், மாலையில் நிற்கிற கூட்டம், நடுவில் பாட்டுச் சத்தம். ஃபார்முலா தாளைப் புரட்டலாம், கணக்குப் போட முடியாது.

முதலாண்டு வேலையில் பாதி கையால் செய்கிற வேலை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் ஷீட்டை டிராஃப்டரோடு மேசையில் விரித்துத்தான் போட வேண்டும். இயற்பியல், வேதியியல் லேபுக்கு அப்சர்வேஷனை முடித்து, கையெழுத்து வாங்கி, ரெகார்டில் ஏற்ற வேண்டும். இரவு ஏழரைக்கு வீடு வந்து, குளித்துச் சாப்பிட்டு எட்டரைக்கு உட்கார்ந்து, மறுநாள் ஐந்து மணிக்கு எழ வேண்டிய பிள்ளைக்கு இதற்கு ஒன்றரை மணி நேரம்கூடத் தேறாது. முதல் இன்டர்னலில் மார்க் சரிவதற்குப் பாடம் புரியாததைவிட இதுவே பெரும்பாலும் காரணம்.

ஹாஸ்டலில் ஐந்து மணியிலிருந்தே நேரம் கையில் இருக்கும். அதில் எத்தனை மணி படிப்புக்குப் போகும் என்பது ரூம்மேட்டைப் பொறுத்தது. நான்கு பேர் அறையில் ஒருவர் இரவு இரண்டு மணிவரை கேம் ஆடினால் நால்வருக்கும் முதல் ஹவர் போகும். ஸ்டடி ஹாலோ ரீடிங் ரூமோ இரவு பதினொன்றுவரை திறந்திருக்கும் ஹாஸ்டல் என்றால் அதற்குத் தனி மதிப்பெண் தரலாம். வெளி ரூமில் நேரம் இன்னும் தாராளம், கேட்பார் மட்டும் யாரும் இல்லை.

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். 65க்கும் 75க்கும் இடையில் நின்றால் மருத்துவச் சான்று போன்ற காரணத்தோடு கண்டோனேஷன் (வருகைக் குறைவுக்கு விலக்கு) கேட்கலாம், அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வே எழுத முடியாது. காலேஜ் பஸ் தாமதமானால் பல கல்லூரிகளில் அதில் வந்த எல்லோருக்கும் சேர்த்து அட்டெண்டன்ஸ் சரிசெய்துவிடுவார்கள். தானாக வருபவர் பத்து நிமிடம் பிந்தினால் ஆப்சென்ட்தான். பஸ்ஸின் பலங்களில் யாரும் சொல்லாத ஒன்று இது.

பஸ்ஸுக்குப் பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: மாலை இரண்டாவது டிரிப் உண்டா? கடைசி ஹவர் முடிந்த பத்துப் பதினைந்து நிமிடத்தில் எல்லா பஸ்ஸும் கிளம்பிவிடும் கல்லூரியில் லைப்ரரி, கிளப், கோடிங் பயிற்சி எல்லாம் ஹாஸ்டல்காரர்களுக்கு மட்டும்தான்.

ரயில் பாதையில் வீடும் கல்லூரியும் அமைந்தவர்களுக்கு நான்காவது வழி இருக்கிறது. செங்கல்பட்டு, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி தடங்களில் சீசன் டிக்கெட் செலவு காலேஜ் பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே வராது. மாணவர் சீசன் பாதிக் கட்டணம். பட்டப்படிப்புவரை மாணவிகளுக்கு வீட்டிலிருந்து கல்லூரிக்கு இரண்டாம் வகுப்பு மாத சீசன் இலவசம். கல்லூரி அலுவலகத்தில் சலுகைப் படிவம் வாங்கி ஸ்டேஷன் கவுண்டரில் கொடுக்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து கல்லூரிக்கு ஷேர் ஆட்டோச் செலவையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பைக் வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் அப்பாக்களுக்கு ஒரு வரி: முதலாண்டில் பலருக்கு வயது 17. 18 முடியாமல் கியர் பைக் லைசென்ஸ் கிடையாது. பிடிபட்டால் 25,000 ரூபாய் அபராதமும் சிறைத் தண்டனையும் பெற்றோருக்கு.

பணம், சாப்பாடு

ஹாஸ்டல் கட்டணத்தை ஒரே தொகையாகப் பார்க்காதீர்கள். ரூம் வாடகை, எஸ்டாப்ளிஷ்மென்ட் (ஊழியர், பராமரிப்புச் செலவு), கரண்ட், மெஸ் அட்வான்ஸ், திரும்பக் கிடைக்கும் காஷன் டெபாசிட் எனப் பிரித்துக் கேளுங்கள். மெஸ் எந்த முறை என்பதுதான் முக்கியம். ஃபிக்ஸட் மெஸ்ஸில் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதே தொகை. டிவைடிங் சிஸ்டத்தில் மாதச் செலவை மொத்தச் சாப்பாட்டு நாட்களால் வகுப்பார்கள். உதாரணமாக, ஒரு மாதச் செலவு 9,72,000 ரூபாய், எல்லா மாணவருக்கும் சேர்த்து 8,100 நாட்கள் என்றால் நாளுக்கு 120 ரூபாய். 24 நாள் கணக்கில் இருந்தவருக்கு 2,880. முட்டை, சிக்கன் டோக்கன் தனி.

இதில் வழுக்குகிற இடம் மெஸ் ரிடக்‌ஷன். தொடர்ந்து இத்தனை நாள் இல்லாமல் இருந்து, முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால்தான் நாட்களைக் கழிப்பார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேராது. வாராவாரம் ஊருக்குப் போகும் பிள்ளை மாதம் எட்டு நாள் சாப்பிடாத சாப்பாட்டுக்குப் பணம் கட்டுகிறது, மேலே பஸ் டிக்கெட் வேறு.

பிஜியில் மாத வாடகையோடு சாப்பாடு என்று சொன்னாலும் மெனுவைவிட நேரத்தைப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். டிபன் எட்டு மணிக்குத்தான் வரும் என்றால், எட்டு மணி வகுப்புக்கு ஏழரைக்குக் கிளம்பும் மாணவர் பட்டினிதான். மதியம் டப்பா கட்டித் தருவார்களா, ஞாயிறு இரவு சமையல் உண்டா என்பதையும் கேளுங்கள். அட்வான்ஸில் காலி செய்யும்போது எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாள் நோட்டீஸ், ஏசி கரண்டுக்கு யூனிட் என்ன விலை, இந்த மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். ஜிஎஸ்டி தனி என்று கேட்டால் கொடுக்க வேண்டாம்: மாதம் 20,000 ரூபாய்வரை, தொடர்ந்து 90 நாள் தங்கினால் 2024 ஜூலையிலிருந்து விலக்கு இருக்கிறது. பெண்கள் தங்கும் தனியார் விடுதி 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லலாம். மழுப்புகிற இடத்தில் சேர்க்காதீர்கள்.

நண்பர்களோடு வீடெடுத்துத் தங்குவது காகிதத்தில் மலிவு. நான்கு பேரில் ஒருவர் டிசம்பரில் கிளம்பிவிட்டால் மீதி மூவர் அந்த வாடகையைச் சுமக்க வேண்டும். ஐந்து கிலோ சிலிண்டர் அடையாள அட்டை காட்டினாலே கிடைக்கும், ஆகவே அடுப்பு சிக்கலில்லை. சமைக்கவும் பாத்திரம் கழுவவும் போகும் நேரம்தான் சிக்கல். இரண்டாவது மாதத்திலிருந்து இரவுச் சாப்பாடு பரோட்டாக் கடைக்கு மாறிவிடும், மலிவும் அதோடு முடிந்தது. முதலாண்டுக்கு இது வேண்டாம்.

காலேஜ் பஸ்ஸுக்கு ஸ்டேஜ் வாரியாக வருடக் கட்டணம். ஜனவரியில் விட்டாலும் பணம் திரும்பாத இடங்களே அதிகம். பணத்தைப் பூட்டி வைக்காத விஷயத்தில் பிஜிதான் முதலிடம், ஒரு மாத நோட்டீஸில் விலகலாம்.

அரசு தரும் உதவி கணக்கையே மாற்றும்

அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இவர்கள் பிஜி தேடுவதில் அர்த்தமே இல்லை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் எங்கே தங்கினாலும் கிடைக்கும். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைகளின் கல்லூரி விடுதிகளுக்கு இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர். தங்குவதும் சாப்பாடும் இலவசம், வருமான வரம்பு உண்டு. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் ஹாஸ்டலருக்குப் பராமரிப்புத் தொகை அதிகம், படிவத்தில் தவறுதலாக டே ஸ்காலர் என்று குறித்துவிடாதீர்கள். கல்விக் கடன் எடுப்பவர்கள் தங்குமிடச் செலவை முதல் விண்ணப்பத்திலேயே சேர்த்துக் காட்ட வேண்டும். ஹாஸ்டலாக இருந்தால் பெரும்பாலும் கல்லூரியின் கட்டண விவரத் தாள் போதும், பிஜி என்றால் ரசீது கேட்கலாம்.

ராகிங், கட்டுப்பாடு

ராகிங் பயத்தால் ஹாஸ்டலைத் தவிர்ப்பவர்கள், முதலாண்டுக்குத் தனி பிளாக் இருக்கிறதா, வார்டன் அதே பிளாக்கில் தங்குகிறாரா என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங் குற்றம், இரண்டு ஆண்டுவரை சிறை, 10,000 ரூபாய்வரை அபராதம். யுஜிசி உதவி எண் 1800-180-5522 எந்த நேரமும் எடுக்கும். சீனியர்களோடு பகிரும் வெளி ரூமில் கேட்க வார்டனும் இல்லை, சிசிடிவியும் இல்லை. ஆபத்து அங்கேதான் கூடுதல் என்பது எங்கள் எண்ணம். அவுட்பாஸ், ஒன்பது மணி அட்டெண்டன்ஸ் எல்லாம் எரிச்சல்தான், முதல் வருடத்துக்குத் தாங்கிக்கொள்ளலாம்.

யாருக்கு எது

வீட்டு வாசலிலிருந்து வகுப்பறைவரை ஒரு வழிக்கு முக்கால் மணிக்குள் என்றால் வீடுதான், யோசிக்கவே வேண்டாம். ஒன்றேகால் மணியைத் தாண்டினால் ஹாஸ்டல். நடுவில் விழுபவர்கள் வேலை நாள் காலையில் அந்த பஸ் வரும் நேரத்துக்கு ஸ்டாப்பில் நின்று, ஒருமுறை முழுப் பயணமும் போய்ப் பாருங்கள். கூகுள் மேப் ஞாயிற்றுக்கிழமை காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம். ஹாஸ்டல் நிரம்பிவிட்டால் நடக்கும் தூரத்தில் இருக்கும் பிஜி, அதுவும் அதே கல்லூரி மாணவர்கள் அதிகம் இருக்கும் இடமாகப் பார்த்து. ஆஸ்துமா, ஒவ்வாமை, தினசரி மாத்திரை, பத்தியச் சாப்பாடு என்று எதாவது இருந்தால் தூரக் கணக்கு இரண்டாம் பட்சம், வீட்டுச் சாப்பாடே முதல்.

மாற நினைத்தால் முதல் செமஸ்டர் தேர்வு முடிந்த விடுமுறையில் மாறுங்கள், நடுவில் வேண்டாம். ஹாஸ்டலைக் காலி செய்யும்போது மெஸ் பாக்கி கட்டி, கட்டில், மேசை, ஃபேன் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கி, நோ டியூ (பாக்கி இல்லை) தாளின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். காஷன் டெபாசிட்டைச் சில கல்லூரிகள் கடைசி வருடம்தான் தரும், அதுவரை அந்த நகலும் பணம் கட்டிய ரசீதும் பத்திரமாக இருக்க வேண்டும்.